உப்புவெளிக் குளிரும் ஸ்காபரோக் குளிரும்

தம்பி, கனடால டொராண்டோ ஸ்காபரோக்கு வந்து முதல் வின்டர், திருகோணமலை உப்புவெளில தனிய இருக்கிற அம்மாக்கு இங்கத்தய கஷ்டத்த எவ்வளவு சொன்னாலும் "இங்கயும் மாரிதானே மகன், சரியான குளிர்" எண்டு கதைய முடிச்சிடுறா, எப்பிடி விளங்கப்படுத்துறது எண்டு கேட்டிருந்தீங்க.

நேரா சொல்றன், முழுசா ஏலாது. அவ பொய் சொல்லேல்ல. மார்கழில வாடைக்காத்தும் மழையும் சேர்ந்து அடிக்கேக்க 24 டிகிரிக்கே திருகோணமலைச் சனம் போர்வைய இழுத்து மூடும், அவட உடம்புக்கு அதுதான் குளிர். ஊரில வருசம் முழுக்கப் பாத்தாலும் பகல் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம்தான் கூடிக் குறையும், டொராண்டோல ஆறு மணித்தியாலத்துக்கும் மேல. பின்னேரம் அஞ்சு மணியாக முதலே இருட்டி, பேஸ்மெண்ட் அறைல லைட்டப் போட்டுக்கொண்டு, ராச்சாப்பாட்டுக்கும் நேரம் ஆகேல்ல படுக்கவும் ஏலாது எண்டு நீங்க இருக்கிற இருப்ப அவ எதை வச்சு யோசிக்கிறது?

"நாங்களும் இப்பிடித்தான் வந்தனாங்கள், எல்லாம் தெரியும்" எண்டுற பழைய ஆக்களையும் கொஞ்சம் தள்ளி வையுங்க, என்னையும் சேர்த்துத்தான். நான் 1991ல வந்தனான், அகதிக் கேஸ். ஊரில சண்டை, வீட்டில ஃபோன் இல்ல, கடிதம் வந்தாத்தான் ஆக்கள் உயிரோட இருக்கினம் எண்டு தெரியும். செக்பாயிண்ட் இல்லாத ரோட்டில ஸ்னோ கொட்டுறதப் பாக்க எனக்கு நிம்மதிதான் வந்தது. நீங்க கடன்பட்டு ஸ்டூடண்ட் விசால வந்தனீங்க, ஒவ்வொரு நாளும் வீடியோல அம்மாட முகத்தப் பாத்துக்கொண்டே "சாப்பிட்டனான்" எண்டு பொய் சொல்ல வேண்டிக் கிடக்கு (கடிதத்தில பொய் எழுதுறது லேசு, அந்தச் சுகம் உங்களுக்கு இல்ல). ரெண்டு பேரும் திருகோணமலைல ஒரே கோணேசரக் கும்பிட்டு, கோட்டைக்குள்ள அதே மானுகளுக்கு வாழைப்பழம் குடுத்து வளந்தனாங்கள்தான், எண்டாலும் உங்கட ராத்திரி என்னெண்டு எனக்குத் தெரியாது.

அம்மாட்ட "கஷ்டம், கஷ்டம்" எண்டு மொத்தமாச் சொல்லாதீங்க. மைனஸ் 15ல பஸ்ஸுக்கு நிக்கேக்க மூக்குக்குள்ள மயிர் விறைச்சு ஊசி மாதிரிக் குத்துமே, அதச் சொல்லுங்க. சிரிப்பா, பிறகு தானாக் கேள்வி கேப்பா. நீங்களும் கேளுங்க: மீன்காரன் வந்தா இப்ப எவ்வளவு வாங்குறா, ஒரு ஆளுக்கு எப்பிடி ஆக்குறா எண்டு. நீங்க வெளிக்கிட்ட பிறகு அந்த வீட்டில அவட நாள் எப்பிடிப் போகுது எண்டு உங்களுக்கும் தெரியாதுதானே?

இன்னொண்டு, வின்டர்ல இங்க காலமை ஏழு மணிக்கு ஃபோன் எடுத்தா அங்க பின்னேரம் அஞ்சரை. மார்ச்சில இங்க மணிக்கூட்ட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு மாத்தினா அதே ஏழு அங்க நாலரை. முதலே சொல்லி வையுங்க, இல்லாட்டி ஒரு மணித்தியாலம் முந்தி ஃபோன் அடிக்க, பிள்ளைக்கு என்னவோ நடந்திட்டுது எண்டு பதறிப்போயிடுவா.