பின்னத்தின் பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, தெரியாக்கணியம் இருந்தால், சரியாகத் தீர்த்த விடையையும் ஏன் தள்ளச் சொல்கிறார்கள்?

நீங்கள் கேட்ட இதே கேள்வியை, யாழ்ப்பாணத்தில் சாதாரண தரச் சோதனைக்குப் படித்த காலத்தில், தகரக் கொட்டகை ரியூசன் வகுப்பில் எழும்பிக் கேட்டேன். மாஸ்டர் பதில் சொல்லவில்லை. பலகையில் ஒரு கணக்கை எழுதினார்.

க/(க − 3) = 2 + 3/(க − 3)

இரு பக்கத்தையும் (க − 3) ஆல் பெருக்கினால் க = 2(க − 3) + 3. அதிலிருந்து க = 3. (அந்த 2ஐப் பெருக்க மறந்து, 5 என்று எழுதியவர்களும் வகுப்பில் இருந்தோம். அது வேறு வழக்கு.) இப்போது 3ஐ முதல் வரியில் போடுங்கள். பகுதி பூச்சியம். பூச்சியத்தால் வகுப்பதற்குப் பொருளே இல்லை. ஆக, இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது.

பிழை நுழைந்தது பெருக்கிய இடத்தில். க = 3 ஆனால் (க − 3) பூச்சியம். 5 = 7 என்ற பச்சைப் பொய்யையும் இரு பக்கமும் பூச்சியத்தால் பெருக்கினால் 0 = 0 என்று உண்மை வேடம் போட்டுக்கொள்ளும்.

அதனால்தான் கணக்கைத் தொடுமுன்னரே கொப்பியின் ஓரத்தில் "க ≠ 3" என்று சிவப்புப் பேனையால் எழுதவைப்பார் மாஸ்டர். அன்று அது வீண் வேலையாகப் பட்டது. இன்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நானும் அதையே செய்விக்கிறேன், பகுதிகளின் பொது மடங்குகளுள் சிறியதை (பொ.ம.சி.) காண்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆனால் தள்ளுகிற விடை எல்லாம் இந்த வகை அல்ல. ஆடி மாதச் சோளகத்தில், அதாவது தென்மேல் காற்றில், யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் சைக்கிளில் போகிறீர்கள். தூரம் 30 கி.மீ. என்று வைப்போம். போகும்போது காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். வரும் வேகம் மணிக்கு 5 கி.மீ. குறைந்து, ஒரு மணித்தியாலம் கூடுதலாகிறது. போன வேகம் வ என்றால்:

30/(வ − 5) − 30/வ = 1

வ(வ − 5) ஆல் பெருக்கி ஒழுங்குபடுத்தினால் (வ − 15)(வ + 10) = 0. 15 சரி: போக 2 மணித்தியாலம், வர 3. −10 என்ற மறை எண்? எந்தப் பகுதியும் பூச்சியமாகவில்லை. −2 − (−3) = 1, அச்சொட்டாகப் பொருந்துகிறது. அட்சரகணிதம் ஏற்கிறது, சைக்கிள்தான் ஏற்கவில்லை.

தள்ளும் காரணத்தை எழுதும்போது இரண்டையும் கலந்துவிடாதீர்கள். "வேகம் மறையாக இராது" என்று எழுத வேண்டிய இடத்தில் "பகுதி பூச்சியம்" என்று எழுதி, தவணைச் சோதனையில் ஒரு புள்ளியைக் கோட்டைவிட்டவன் நான்.