குழாய் இருக்கு, தண்ணீர் இல்லை: கடற்கரை வாசகர்களின் கேள்வி-பதில்

இந்த நுகர்வோர் பகுதிக்கு இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கடைக்காரரைப் பற்றியவை இல்லை. பேரூராட்சி, நகராட்சி, ஊராட்சி பற்றித்தான். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையோர ஊர்கள் சின்னவை, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அதனால் கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்ட இடத்தில் ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணே, வீட்டுக்குக் குழாய் இணைப்பு இருக்கு. டெபாசிட் கட்டினோம், குடிநீர்க் கட்டணமும் பாக்கி வைப்பதில்லை. தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருது, அதுவும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மற்ற நாளெல்லாம் வேன் தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். கட்டணத்தை நிறுத்திவிடலாமா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்குமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அக்கா. கோபம் நியாயம்தான், ஆனால் கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டிக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும், நாளைக்கு எந்த அதிகாரி முன்னால் போய் நின்றாலும் "இவங்களே பாக்கிதானே" என்ற ஒரு வார்த்தையில் உங்கள் பேச்சு முடிந்துபோகும்.

முதலில் யார் மேல் புகார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நமக்கு வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் திருச்சிப் பக்கம் காவிரியில் எடுப்பது. புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களுக்கும் கொடுத்துவிட்டு மிச்சம்தான் நம்மிடம் வந்து சேருகிறது, நாம் கிடப்பது குழாயின் கடைசி முனையில். ஊர்த் தொட்டி வரை கொண்டுவந்து சேர்ப்பது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. தொட்டியிலிருந்து உங்கள் வாசல் வரை உள்ளாட்சியின் பொறுப்பு. நீங்கள் புகாரோடு போனால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். இந்த விளையாட்டு நம் ஊரில் பல வருஷமாக நடக்கிறது.

அதனால் போவதற்கு முன்னால் தெருவை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எல்லாத் தெருவிலும் வறட்சியா, அல்லது மேலத்தெருவில் வந்து உங்கள் தெருவில் மட்டும் வரவில்லையா? சில வீடுகளில் வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி, குடத்தைக் குழிக்குள் வைத்துப் பிடிப்பார்கள். வேகம் இல்லாத லைனுக்கு அதுதான் அடையாளம். இன்னும் சில வீடுகளில் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள், அது சட்டப்படி தப்பு, உங்கள் பங்கைத்தான் அது இழுக்கிறது. ஊர் முழுக்கவே வரவில்லை என்றால் வாரியம். ஒரு தெருவுக்கு மட்டும் வரவில்லை என்றால் வால்வு, லைன், மோட்டார் இந்த மூன்றில் ஒன்று, அதற்கு உள்ளாட்சியைத்தான், பேரூராட்சி என்றால் அதன் செயல் அலுவலரைத்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம், தினசரி காலண்டர் தாளிலேயே எழுதி வைக்க ஆரம்பியுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை குடம் பிடித்தீர்கள், வேனில் எத்தனை குடம் என்ன விலைக்கு வாங்கினீர்கள். இரண்டு மாதம் எழுதினால் போதும். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. இரண்டே இரண்டு விஷயம் கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் வாரியத்திலிருந்து உங்கள் ஊர்த் தொட்டிக்குத் தேதிவாரியாக வந்த தண்ணீரின் அளவு, தெருவாரியாக வால்வு திறந்த முறைப் பட்டியல். 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த இரண்டு தாளும் கைக்கு வந்துவிட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்ட முடியாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போகும்போது வெறும் மனுவோடு போகாமல் இதையும் சேர்த்துக் கொடுங்கள்.

எவ்வளவு வர வேண்டும் என்று கேட்டால், ஜல் ஜீவன் திட்டம் கிராமங்களுக்கு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 15 லிட்டர் குடம் என்றால் நாலு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் கணக்குப் போட்டு, உங்கள் தள்ளுவண்டியில் ஒரு நடைக்கு எத்தனை குடம் கொள்ளும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், எவ்வளவு பற்றாக்குறை என்று தெரிந்துவிடும்.

நுகர்வோர் ஆணையம் பற்றிக் கேட்டீர்கள். வரி வேறு, கட்டணம் வேறு. சொத்து வரி பொதுச் செலவுக்கு, அதைக் கட்டியதாலேயே நீங்கள் நுகர்வோர் ஆகிவிட மாட்டீர்கள். குறிப்பிட்ட ஒரு சேவைக்கு என்று டெபாசிட்டும் கட்டணமும் வாங்கினால் அரசு அமைப்பானாலும் கேள்வி கேட்கலாம். லக்னோ வளர்ச்சி ஆணையம் என்ற அரசு அமைப்பின் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே இந்த வாசலைத் திறந்துவிட்டது. அதனால் வழக்குப் போட இடம் இருக்கிறது. ஆனால் ஜெயித்தாலும் கிடைப்பது பெரும்பாலும் நஷ்டஈடுதான், மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. தண்ணீர்தான் வேண்டும் என்றால் மேலே சொன்ன வழிதான் சீக்கிரம்.

வேன் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. சிலர் மீட்டரை வைத்து "டிடிஎஸ் கம்மி, நல்ல தண்ணி" என்று காட்டி விற்கிறார்கள். டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. அந்த மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. சந்தேகமாக இருந்தால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை காய்ச்சிக் குடியுங்கள்.

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துக்கு உள்ளாட்சிக்குச் சொந்தமான சமுதாயக் கூடத்தைப் பதிவு செய்து முழுப் பணமும் கட்டினோம். கடைசி நேரத்தில் வேறு நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். தனியார் மண்டபத்துக்கு ஓடினோம். கட்டிய பணம் இன்னும் திரும்ப வரவில்லை.

பதில்: ரசீது இருக்கிறதுதானே? இருந்தால் இது கறாரான நுகர்வோர் வழக்கு. காசு வாங்கிக்கொண்டு தருவதாகச் சொன்ன இடத்தைத் தரவில்லை, அவ்வளவுதான் சங்கதி. கட்டிய பணம், தனியார் மண்டபத்துக்குக் கூடுதலாக ஆன செலவு இரண்டையும் கேட்டு 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள், நகலைப் பத்திரமாக வையுங்கள். பதில் இல்லையென்றால் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி, சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். அது சிரமம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணி வழி கேளுங்கள்.

கேள்வி: காக்கா (அண்ணே), நான் சவூதியில் இருக்கிறேன். பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்கணும், பிறப்புச் சான்றில் பெயர் ஏறவில்லை. ஊரில் ஒருத்தர் 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: தம்பி, கொடுக்க வேண்டாம். பிறப்பு பதிவாகி 12 மாதத்துக்குள் என்றால் பெயர் சேர்ப்பது இலவசம். அதைத் தாண்டினாலும் 15 வருஷம் வரை சிறு தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பிறந்தது எந்த ஊரோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் போக வேண்டும், நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரில் இல்லை. இதில்தான் நிறைய பேர் சுற்றுகிறார்கள். கிராமத்தில் பதிவாளர் என்றால் வி.ஏ.ஓ., ஊராட்சி ஆபீஸ் இல்லை. பெயர் ஏறியதும், 2018-க்குப் பிறகு பதிவானதென்றால், அரசின் பிறப்பு-இறப்புப் பதிவுக்கான சிஆர்எஸ்டிஎன் தளத்திலிருந்து சான்றைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். வீட்டில் உம்மாவையோ மச்சானையோ ஒரு நடை அனுப்பினால் போதும்.

கேள்வி: எங்கள் மீனவர் குடியிருப்புக்குக் குப்பை வண்டியே வருவதில்லை. மெயின் ரோட்டில் மணியடித்துவிட்டுப் போய்விடுகிறது. ஊராட்சியில் தலைவரும் இல்லை. யாரிடம் சொல்ல?

பதில்: நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது, அதன்பிறகு பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. எனவே ஊராட்சி செயலரிடம் சொல்லிவிட்டு, எழுத்தில் வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கொடுங்கள். மெயின் ரோடு வரை வண்டி வந்தாலே ஊருக்கே வந்ததாகக் கணக்கு எழுதிவிடுவார்கள், அதனால் "வண்டி வரவில்லை" என்று எழுதாமல் "இந்தக் கோயிலைத் தாண்டி இந்த இறங்குதளம் வரை உள்ள வீடுகளுக்கு வரவில்லை" என்று எழுதுங்கள். மணல் பாதையில் பேட்டரி வண்டி சிக்கும் என்று காரணம் சொல்வார்கள், தள்ளுவண்டி கேளுங்கள். மீன் கழிவை மற்ற குப்பையோடு கலந்துவிடாமல் தனியாக மூடி வைத்துக் கொடுத்தால் எடுக்கிறவர்களுக்கும் வேலை எளிது. எடுக்கும் பெண்கள் மாதச் சம்பளத்துக்குப் படும் பாடு வேறு கதை, கோபத்தை அவர்கள் மேல் காட்டாதீர்கள்.

கேள்வி: கடலுக்குப் பக்கத்தில் மனை விற்பனைக்கு வருகிறது. "பஞ்சாயத்து அப்ரூவல், வீட்டு வரி ரசீதும் இருக்கு" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: இரண்டுமே உங்களைக் காப்பாற்றாது. வீட்டு வரி ரசீது, வரி கட்டியதற்கு அத்தாட்சி, இடம் அவருக்குச் சொந்தம் என்பதற்கு இல்லை. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி எண் வேண்டும், ஊராட்சித் தலைவர் கையெழுத்து போதாது. எட்டு மனைக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேலோ போட்டு விற்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும். கடல் பக்கம் என்பதால் கூடுதலாக ஒன்று: உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் வந்து தொடும் எல்லை) 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும், அங்கே கட்டுவதற்குத் தனிக் கட்டுப்பாடு. 2024-ல் வந்த, நாமே சான்றளித்து அனுமதி வாங்கும் சுயசான்று முறையில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுலபமாக அனுமதி கிடைக்குமே என்று அதே புரோக்கர் சொல்வார். அந்த வசதி கடலோரக் கட்டுப்பாட்டை நீக்காது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வே எண்ணை வாங்கி வில்லங்கம் பாருங்கள். சர்வே எண் தர இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து "சேவை திருப்தியா?" என்று கேட்டார்கள். யோசிப்பதற்குள் என் போனை வாங்கி ஐந்து ஸ்டார் போட்டு, ஓடிபியையும் பார்த்து அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சாக்கடை அடைத்துக் கிடக்கிறது. ஆனால் குறை சொன்னால் நாளைக்கு வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கு அவர்களிடம்தானே போய் நிற்கணும்?

பதில்: இந்தப் பயம் ஊருக்கு ஊர் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. மத்திய அரசு 2016-லிருந்து நடத்தும் தூய்மைக் கணக்கெடுப்பில் மக்கள் கருத்துக்கும் மதிப்பெண் உண்டு, அதனால்தான் இந்த விரட்டல். வந்தவர்களும் "இத்தனை பேரிடம் வாங்கி வா" என்று மேலிருந்து விரட்டப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

போனைக் கொடுக்காதீர்கள். ஓடிபி உங்களுடையது, "நானே அப்புறம் போடுறேன்" என்றால் பகை வராது. போடும்போது நடுவாக மூன்று ஸ்டாரைப் போட்டுவிட்டு ஒதுங்காமல், நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் பிரித்துச் சொல்லுங்கள். தெருவிளக்கு சரியாக எரியும், சான்றிதழ் சீக்கிரம் கிடைத்திருக்கும், சாக்கடை நாறும். இதை ஒரே "திருப்தி"யில் அடக்கினால் சாக்கடை அப்படியே கிடக்கும். இன்னொன்று, வாசலில் நிற்கும் ஆம்பிளையிடம் கேட்டால் "பரவாயில்லைங்க" என்றுதான் வரும், குடவண்டி தள்ளுவது அவர் இல்லை. வீட்டுப் பெண்களைப் பேச விடுங்கள். வசதியானவர்கள் கேன் தண்ணீருக்கும் சொந்த போருக்கும் போய்விட்டார்கள், அவர்களுக்கு ஊர்க் குழாய் எப்போது வருகிறது என்றே தெரியாது, கேட்டால் நாலு ஸ்டார் போட்டுவிடுவார்கள்.

சாக்கடைக்கு முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் புகார் பதிந்து எண்ணை வாங்கி, போட்டோ எடுத்து வையுங்கள். வேலை நடக்காமலே "தீர்வு காணப்பட்டது" என்று மெசேஜ் வந்தால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி கூப்பிட்டு, முடியவில்லை என்று பதிய வையுங்கள்.

பெயர் மாற்றத்தை ஆள் மூலமாகக் கொடுக்காமல் பத்திர நகல், பழைய வரி ரசீதோடு நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சீட்டு தர மறுத்தால் அன்றைக்கே மனுவை ஆணையர் பெயருக்கோ செயல் அலுவலர் பெயருக்கோ ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.