தமிழ் வழியில் படித்துவிட்டுக் கணினிப் பொறியியல் சேர்ந்திருக்கிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகலாமா?

முதலாண்டில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். முதலில் ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் பழகுங்கள்.

நானும் போளூர் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன்தான். கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் வளாகத் தேர்வில் நிரல் எழுதும் சுற்றில் தேறியும், குழு விவாதத்தில் நான் வாய் திறப்பதற்குள் நேரம் முடிந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பிறகு சிறிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். வாடிக்கையாளர்கள் ஜெர்மனிக்காரர்கள். ஒருமுறை அவர்கள் தரப்பு சர்வரில் ஒரே பில் இரண்டு முறை பதிவானது. சரளமாகப் பேசுகிறவர்கள் தொலைபேசியில் எவ்வளவோ விளக்கியும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. நான் மின்னஞ்சல் எழுதினேன். சேமிக்கும் பொத்தானை அடுத்தடுத்து இரண்டு தடவை அழுத்தினேன், ஒரு பில் வந்திருக்க வேண்டும், இரண்டு வந்தன, சர்வரின் பதிவேட்டில் (log) இன்ன வரி. எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியங்கள். மறுநாளே சரிசெய்துவிட்டு, இனி எல்லோரும் இப்படியே எழுதி அனுப்புங்கள் என்றார்கள். எனக்கு அது பதவி உயர்வைவிடப் பெரிது.

எனவே நிரல் தவறும்போது திரையில் வரும் பிழைச் செய்தியிலிருந்து தொடங்குங்கள். பைத்தான் நிரல்மொழியில் அந்தச் செய்தியின் கடைசி வரியைப் படியுங்கள், என்ன பிழை என்பது அங்கே இருக்கும். ஜாவாவில் பிழையின் பெயர் மேலே வரும். மூல காரணம் பல நேரம் கீழே, 'காஸ்டு பை' (Caused by) என்று தொடங்கும் வரியில் இருக்கும். படித்துப் பார்க்காமலே சாட்ஜிபிடியில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். பைத்தானின் அதிகாரபூர்வப் பாடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தினமும் கொஞ்சம் வாசியுங்கள்.

பேச்சு ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நேர்முகத் தேர்வுக்கு அது வேண்டும், மூன்றாம் ஆண்டில் பழகிக்கொள்ளலாம். 2009-இல் ரெடிஸ் தரவுத்தளத்தை உருவாக்கிய சால்வத்தோரே சான்ஃபிலிப்போ இத்தாலிக்காரர். ஆங்கிலம் தன்னைப் பல ஆண்டுகள் வாட்டியது என்று அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

எனக்கு ஆத்திரமெல்லாம் ஆய்வக ரெக்கார்டு நோட்டின் மேல்தான். நான்கு ஆண்டுகள் நிரலையும் விடையையும் கையால் எழுத வைத்தார்கள். சரியான விடையை மட்டும்தான் எழுத வேண்டும். திரையில் என்ன பிழை வந்தது, அதை எப்படித் தீர்த்தோம் என்று ஒரு பத்தி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தால், குழு விவாதத்திலும் பேச என்னிடம் ஏதாவது இருந்திருக்கும்.