ஆலை நின்ற பிறகும் ஓடும் யூனிட்டுகள்: சென்சார் கேள்வி-பதில்

நாற்பது மோட்டார்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை அளக்கும் சென்சார் வேண்டுமா?

வேண்டாம். மெயின் பேனல், ஒவ்வொரு பிரிவுக்கும் போகும் ஃபீடர் (மின் வழி), பிறகு கம்ப்ரஸர் (காற்றை அழுத்தித் தருவது), சில்லர் (குளிர்விப்பது), ஃபர்னஸ் (உலை) போன்ற பெரிய சுமைகள். தொடங்க இவ்வளவு போதும்.

விடுமுறை நாளில் யாருமே இல்லை. ஆனாலும் கிராஃப் பூஜ்யத்துக்கு இறங்குவதில்லையே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பணம் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். முதலில் கம்ப்ரஸரின் கிராஃபைப் பாருங்கள். எந்த மெஷினும் காற்று எடுக்காத நேரத்திலும் கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கினால் காற்று லைனில் கசிவு இருக்கிறது. அளவையும் அதிலேயே கணக்கிடலாம்: 2 நிமிடம் லோடு (காற்றை அழுத்தும் நேரம்), 6 நிமிடம் அன்லோடு (அழுத்தாமல் சும்மா சுற்றும் நேரம்) என்றால் 8-இல் 2, அதாவது கம்ப்ரஸர் முழுத்திறனில் தரக்கூடிய காற்றில் 25 சதவீதம் கசிகிறது. (வேகம் மாறும் விஎஃப்டி கம்ப்ரஸருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) அன்லோடில் ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரஸரும் சும்மா இருப்பதில்லை, முழுச்சுமையில் எடுப்பதில் கால் பங்குக்கு மேல் இழுக்கும். ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். லீவு நாளில் கம்ப்ரஸரையே நிறுத்திவிடுங்கள்.

ஒரு ஃபேஸில் மட்டும் கிலோவாட் மைனஸில் காட்டுகிறது. மீட்டர் பழுதா?

பெரும்பாலும் இல்லை, சிடி (வயரில் ஓடும் கரன்டை அளந்து மீட்டருக்குத் தரும் கரன்ட் ட்ரான்ஸ்ஃபார்மர்) தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும். அதன் மேலுள்ள அம்புக்குறி சுமையை நோக்கி இருக்க வேண்டும். அது சரியென்றால், ஒரு ஃபேஸின் வோல்டேஜுக்கு இன்னொரு ஃபேஸின் சிடி ஜோடியாகியிருக்கிறதா என்று பாருங்கள். எச்சரிக்கை: 5 ஆம்பியர் செகண்டரி (மீட்டருக்குப் போகும் பக்கம்) உள்ள சிடியின் வயரை, கரன்ட் ஓடும்போது கழற்றவே கூடாது. திறந்த முனைகளில் உயிருக்கே ஆபத்தான வோல்டேஜ் உருவாகும். சப்ளையை நிறுத்திவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

வயர்லெஸ் அடிக்கடி அறுந்து டேட்டா போய்விடுகிறது.

தகரக் கூரையும் இரும்புத் தூண்களும் இருக்கும் இடத்தில் அது சகஜம். கிலோவாட்டை மட்டும் அனுப்பாமல், ஓடிக்கொண்டே கூடும் மொத்த யூனிட்டையும் அனுப்பும் மீட்டராகப் பாருங்கள். ஒரு மணி நேரம் அறுந்தாலும் கணக்கு தவறாது.

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பதிய வேண்டும்?

பில்லைச் சரிபார்க்க 15 நிமிடம் போதும். காரணம் தேட ஒரு நிமிடம். கம்ப்ரஸருக்கு நொடிக்கணக்கில்.

உற்பத்தி கூடினால் பில்லும் கூடுகிறது. மிச்சமாகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தினசரி யூனிட்டையும் தினசரி உற்பத்தி டன்னையும் புள்ளிகளாக வைத்து ஒரு கோடு இழுங்கள். டன் பூஜ்யமாகும் இடத்தில் கோடு காட்டும் யூனிட், எதுவும் தயாரிக்காமலே நீங்கள் பணம் கட்டும் யூனிட். கசிவை அடைத்த பிறகு மறுபடி வரையுங்கள். அந்த எண் இறங்கியிருக்க வேண்டும்.