செக்போஸ்ட் இல்லாத வழி கேட்காதீங்க

பயணக் கேள்விகளோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அருவி கேட்டுத்தான். மற்றதில் சிலவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

கே: எங்கள் அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பா) 70 வயது. வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏறியவர், நடுவில் நின்றுபோனது. இந்தப் பங்குனியில் போயே தீருவேன் என்கிறார். விடலாமா? (கோபி வாசகி)

ப: பிரஷர், சுகர், நெஞ்சுவலி ஏதாவது உண்டா என்று எழுதவே இல்லையே அம்மணி. அது தெரியாமல் நான் எதைச் சொல்ல? இருதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. முதலில் டாக்டர். அவர் சரி என்றால், ஏழு மலையில் முதல் மலையையே பரீட்சையாக வையுங்கள். வெள்ளை விநாயகர் கோயில் வரைக்கும் படிதான். பேச்சுக் கொடுத்தபடி ஏறினால் மேலே போகலாம். பேச மூச்சு வரவில்லையென்றால் விநாயகரைக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான். ஆண்டிச் சுனையில் குளித்து ஈரத் துணியோடு ஏழாவது மலை ஏறுவது அவர் வயசுக்கு வேண்டாம். உச்சி ஏறத்தாழ 6,000 அடி, காற்று சும்மா விடாது. மூங்கில் தடியை ஏறி முடித்ததும் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டாம். முட்டி போவது இறக்கத்தில்தான். கூடப் போகிறவர் அப்பிச்சியின் வேகத்தில் நடக்கிற ஆளாக இருக்கட்டும், முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்திருக்கிற பேரன் உதவ மாட்டான்.

கே: பரளிக்காட்டில் பரிசல் போக ஞாயிறு காலை நேராகப் போனால் இடம் கிடைக்குமா?

ப: கிடைக்காது. வனத்துறையிடம் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். பில்லூர் அணைத் தண்ணீரில் போகிற பரிசலில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு போட்டோ எடுக்கிறவர்கள் முன்பதிவும் செய்ய வேண்டாம்.

கே: ஆடி மாதம் சைக்கிளில் பல்லடம் பக்கம் போனேன். போகும்போது பறந்தேன், திரும்பும்போது உயிர் போய்விட்டது. பயிற்சி போதாதா? (சிங்காநல்லூர்)

ப: பயிற்சி இல்லை தம்பி, திசை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை எதற்கு நிற்கிறது என்று நினைத்தீர்கள்? காற்றுக் காலத்தில் கால் புதுசாக இருக்கும்போதே மேற்கே போய்விடுங்கள், வரும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் ரோடு நல்ல தேர்வு. ஒரு வழிக்கு சுமார் 25 கிலோமீட்டர், பாக்குத் தோப்பு நிழலும் கிடைக்கும். ஆனால் நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள், மாலை 4 மணிக்குள் மலையடிவாரத்தை விட்டு வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு அந்த ரோட்டில் யானை நிற்கும்.

கே: நல்ல ட்ரெக்கிங் ஷூ எது?

ப: எந்த மலை, எந்த மாதம், எவ்வளவு பட்ஜெட்? ஒன்றும் எழுதாமல் ஒரே வரி. பழகிய ஷூ எதுவானாலும் போடுங்கள். நேற்று வாங்கியதை இன்று மலைக்குப் போட்டுப் போகாதீர்கள்.

கே: தடாகம் பக்கம் மலைக்குள் மேப்பில் ஒரு அருவி காட்டுகிறது, ரீல்ஸிலும் பார்த்தோம். செக்போஸ்ட்டில் விடமாட்டார்களாம். செக்போஸ்ட் இல்லாத வழி ஏதும் உண்டா? நாங்கள் ஆறு பேர், எல்லோரும் ஃபிட்.

ப: இதே கேள்வி பெயர் மாறி, ஊர் மாறி ஒவ்வொரு முறையும் வருகிறது. அருவியின் பெயரை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு அறுபது பேர் அங்கே நிற்பார்கள்.

ஃபிட்டா இல்லையா என்று யானை கேட்காது. புதருக்குப் பின்னால் பத்து மீட்டரில் நிற்கிற யானை உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மேப்பில் கோடு மாதிரி தெரிவது பல இடத்தில் அது நடந்து நடந்து உண்டான தடம். தடாகத்தில் செங்கல் சூளைக்காகச் செம்மண்ணைத் தோண்டிய பள்ளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? 2021இல் சூளைகளை மூடினார்கள், பள்ளம் மூடவில்லை. யானையின் வழியை நாம் கெடுத்தாயிற்று, மிச்சமிருக்கிற வழியிலும் ஆறு பேர் புளூடூத் ஸ்பீக்கரோடு போக வேண்டுமா?

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் வருடச் சட்டப்படியே குற்றம். அபராதம் கட்டிவிடுவோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அபராதத்தோடு முடிகிறது என்று யார் சொன்னது? நீங்கள் வழி தவறினால் ராத்திரியில் டார்ச்சோடு தேடி வருகிறவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் பக்கத்து இருளர் ஊர்க்காரர்களும்தான். அவர்கள் வீட்டிலும் ஆள் காத்துக்கொண்டிருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதியே வந்தது. காய்ந்த புல்லில் தீ ஏறுகிற வேகத்துக்கு மலையில் யாராலும் ஓட முடியாது.

நேர்வழி இல்லையா என்றால் இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பணம் கட்டினால் உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டியோடு போகலாம். நம் பக்கம் ஆழியாறு கால்வாய்க்கரை, சாடிவயல்–சிறுவாணி, செம்புக்கரை–பெருமாள்முடி என்று சுலபத்திலிருந்து கடினம் வரை உண்டு. மாசி, பங்குனியில் தீ அபாயத்துக்காக மூடுவார்கள், அப்போது வீட்டில் இருங்கள். கட்டணம் அதிகம் என்று புலம்பி எழுத வேண்டாம். அந்த ஷூவுக்குக் கொடுத்ததை விடக் குறைவுதான்.

கே: மேட்டுப்பாளையத்தில் பவானியில் குளிக்கலாமா? மழையே இல்லை, தண்ணீர் முழங்கால் அளவுதான். (அன்னூர்)

ப: மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேலே பில்லூரில் மின்சாரம் எடுக்கத் திறந்தால் முழங்கால் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிடும். பாறை நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கரைக்கு வர நேரம் கிடைக்காது. வால்பாறை சோலையாறு பக்கம் 2023 அக்டோபரில் கோவைக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். ஆறு அமைதியாகத்தான் தெரியும். ஊர்க்காரர் குளிக்கிற படித்துறை தவிர வேறெங்கும் இறங்காதீர்கள்.

கே: கோவைக் குற்றாலம் திங்கட்கிழமை கூட்டம் குறைவாக இருக்குமா?

ப: கூட்டமே இருக்காது, திங்கட்கிழமை விடுமுறை.

கே: ஈரோட்டிலிருந்து 5, 8 வயதுக் குழந்தைகளோடு ஒரு நாள். மலை வேண்டாம், தீம் பார்க்கும் வேண்டாம்.

ப: அருமையான கேள்வி, வேண்டாததையும் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளோடு. ஊரிலிருந்து 15 கிலோமீட்டர்தான், 2022இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவை ஏரி. கார்த்திகையிலிருந்து மாசி வரை கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் குழந்தைகள் தாங்களே கண்டுபிடிக்கிற அளவுக்குப் பெரியவை. காலை 7 மணிக்கு அங்கே இருங்கள், பைனாகுலர் ஒன்று இரவல் வாங்குங்கள், சிவப்புச் சட்டை போடாதீர்கள். கட்டுச்சோற்றுக்கு அரிசிம்பருப்பு சாதம் போதும். சாப்பிட்ட பிறகும் பெரியவனுக்குத் துள்ளல் அடங்கவில்லையென்றால் சென்னிமலை பக்கம்தான், 1,320 படி. வெயில் தாழ ஏறச் சொல்லுங்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இதே யோசனை நஞ்சராயன் குளத்தில் செல்லும்.

கே: கொல்லிமலை ஆகாய கங்கைக்கு எங்கள் அம்மாவையும் கூட்டிப் போகலாமா? முட்டி வலி உண்டு.

ப: அறப்பளீஸ்வரர் கோயில் வரை கூட்டிப் போங்கள். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி, இறங்கியதை அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, காலையில் இட்லியைக் கொஞ்சமாகக் கொடுங்கள்.

கே: மழைக்காலத்தில் வால்பாறை போகிறோம். அட்டை கடித்தால் என்ன செய்வது?

ப: முதலில் வண்டிக்கு இ-பாஸ் எடுங்கள், நீலகிரி மாதிரியே இப்போது வால்பாறைக்கும் கேட்கிறார்கள். அட்டை விஷமில்லை. பிடித்து இழுக்காதீர்கள். மெல்லிய முனைதான் வாய், அதனடியில் நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். உப்பும் மூக்குப்பொடியும் ஊர் வைத்தியம், வேலை செய்யும். தீக்குச்சியைக் கொளுத்தி வைக்கிறேன் என்று சொந்தக் காலைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க அது ஒன்றைச் செலுத்துகிறது, அதனால் கொஞ்ச நேரம் கசியும், சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டுங்கள். அரிப்பு ஒரு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் போங்கள், எனக்கு எழுதாதீர்கள்.