அமெரிக்க மசோதாவுக்கும் மகளின் செமஸ்டர் கட்டணத்துக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: என் மகள் ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் எம்பிபிஎஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "அங்கே ஜனநாயகம் கெட்டுவிட்டது என்று அமெரிக்கா சட்டம் போட்டுவிட்டது. வங்கிகளை முடக்கப் போகிறார்கள். மீதிக் கட்டணம் முழுவதையும் இப்போதே எங்களிடம் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாற்றித் தருகிறோம்" என்கிறார் அவளைச் சேர்த்துவிட்ட ஏஜென்ட். என்ன செய்வது? (ஒரு தந்தை, நாமக்கல்)

பதில்: ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கல்லூரியையும் மாற்றாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

அவர் சொல்வது மெகோபாரி மசோதாவை. நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். ஜார்ஜிய மொழியில் நண்பன் என்று பொருள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 2025 மே 5 அன்று 349-42 என்ற கணக்கில் நிறைவேறியது. ஏஜென்டுகள் காட்டுவது இந்தச் செய்தியைத்தான். ஆனால் அது பாதி வழி. இன்னொரு சபையான செனட்டும் நிறைவேற்றி, அதிபரும் கையெழுத்துப் போட்டால்தான் சட்டம். செனட்டில் அது சிக்கி நின்றுவிட்டது. இரண்டாண்டுக் கூட்டத்தொடர் முடிந்தால் மசோதா காலாவதி; மறுபடி முதலிலிருந்து. 2024-இல் கொண்டுவந்த முதல் மசோதா அப்படித்தான் போனது.

சரி, சட்டமே ஆகிவிட்டால்? அது குறிவைப்பது நாட்டையோ மாணவர்களையோ அல்ல, தனி ஆட்களை. ஜனநாயகத்தைக் குலைத்தவர்களுக்கு விசா மறுப்பது, அவர்களின் சொத்துகளை முடக்குவது. இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. ஜார்ஜியாவின் ஆளுங்கட்சியை நிறுவிய கோடீஸ்வரர் பிட்சினா இவானிஷ்விலியை 2024 டிசம்பர் 27 அன்றே அமெரிக்கா தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதற்குப் பிறகும் நீங்கள் கட்டணம் அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

மசோதாவில் இன்னொரு பக்கமும் உண்டு. ஜார்ஜியா நேர்மையான தேர்தலுக்குத் திரும்பினால் வர்த்தகச் சலுகை, கல்விப் பரிமாற்றம் என்று கைகொடுப்பதாகச் சொல்கிறது. இதை வைத்து "ஜார்ஜியாவில் படித்தால் அமெரிக்க விசா சுலபம்" என்று எவராவது கதை விட்டால் நம்பாதீர்கள். அந்தச் சலுகை ஜார்ஜியர்களுக்கு. படிக்கப் போனவர் கையில் இருப்பது வசிப்பு அனுமதி மட்டும். அது குடியுரிமை ஆகாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் டாலரில் அனுப்பும் பணம் பெரும்பாலும் ஓர் அமெரிக்க வங்கியைத் தொட்டுத்தான் போகும். தடைப் பட்டியலில் உள்ளவர்கள், ஒருவரோ பலர் சேர்ந்தோ, ஒரு நிறுவனத்தில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால், நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதுவும் முடங்கியதாகவே கணக்கு. 49 என்றால் அந்த விதி பாயாது. சில சமயம் அமெரிக்கக் கருவூலத் துறையே தனி உரிமம் கொடுத்துத் தளர்த்தும். உங்கள் மகளின் கல்லூரி தனியாருடையது என்றால், உரிமையாளர் யார் என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெயரைக் கருவூலத் துறையின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இலவசம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

கல்லூரி மாற்றும் பேச்சுதான் உண்மையில் ஆபத்து. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி வெளிநாட்டு எம்பிபிஎஸ் குறைந்தது 54 மாதம், அதுவும் முழுக்க ஒரே கல்லூரியில் படித்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் பெட்டி தூக்கினால், இங்கே வந்து பதிவு செய்யும்போது கதவு மூடியிருக்கும். மாற்றிவிட்டவர் அப்போது போன் எடுக்கமாட்டார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 1983 முதல் சட்டம் இருக்கிறது. மாணவர்களை அனுப்புகிறவரை அந்தச் சட்டம் தொடுவதில்லை. இத்தனை குடும்பங்கள் ஏமாந்த பிறகும் இந்த ஓட்டையை அடைக்காமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

அங்கே ஜனநாயகம் சரிவது நிஜம். வெளிநாட்டு நிதி 20 சதவீதத்துக்கு மேல் வாங்கும் தொண்டு அமைப்புகளும் ஊடகங்களும் அந்நியர் நலனுக்கு வேலை செய்வோராகப் பதிய வேண்டும் என்று 2024-இல் சட்டம் வந்தது. அக்டோபர் 26 தேர்தல் முடிவை எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. நவம்பர் 28 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028 கடைசிவரை எடுக்கமாட்டோம் என்றார் பிரதமர் கோபாகிட்ஸே. அன்று தெருவில் இறங்கியவர்கள் மாதக்கணக்கில் இரவுதோறும் நாடாளுமன்ற வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு நண்பன் என்று பெயர் வைத்த மசோதா வாஷிங்டனில் தூங்குகிறது. அதே அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்கு உதவி வழங்கிவந்த தன் யுஎஸ்எய்டு அமைப்பையே 2025-இல் மூடிவிட்டது. உள்ளூரில் புதுச் சட்டத்தின் நெருக்கடி, வெளியிலிருந்து உதவி நிறுத்தம் என்று சின்னச் செய்தி நிறுவனங்களும் தேர்தல் கண்காணிப்புக் குழுக்களும் இரண்டு பக்கமும் அடி வாங்கின. எழுதும்போதே மனசு கசக்கிறது.

உங்கள் மகளிடம், போராட்டம் நடக்கும் ரூஸ்தவேலி சாலைப் பக்கம் வேடிக்கை பார்க்கக்கூடப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டு மாணவர் அங்கே பிடிபட்டால் படிப்புக்கே சிக்கல். அப்புறம், கட்டணத்தை ஒவ்வொரு செமஸ்டருக்கும் பல்கலைக்கழகத்தின் இன்வாய்ஸ் வாங்கி, உங்கள் வங்கிக் கிளை வழியாக நேராகப் பல்கலைக்கழகக் கணக்குக்கே அனுப்புங்கள்.