ஜெர்மனித் துணை நிறுவனத்துக்கு இடைக்கால மேலாளர் தேவையா?

கேள்வி: எங்கள் நிறுவனம் ஜெர்மனியில் வாங்கிய உதிரிபாகத் தொழிற்சாலை தொடர்ந்து நஷ்டத்தில் ஓடுகிறது, அதன் தலைவரும் விலகிவிட்டார். இங்கிருந்து மூத்த அதிகாரி ஒருவரை அனுப்புவதா, அங்கேயே இடைக்கால மேலாளரை அமர்த்துவதா? (கோவை வாசகர்)

பதில்: அந்நாட்டைச் சேர்ந்த இடைக்கால மேலாளரையே அமர்த்துங்கள். ஜெர்மானியச் சட்டப்படி, நிறுவனம் கடனைச் செலுத்த முடியாத நிலைக்கு வந்தால் அதிகபட்சம் 3 வாரங்களுக்குள்ளும், கடன்கள் சொத்துகளை விஞ்சினால் 6 வாரங்களுக்குள்ளும், அதன் நிர்வாக இயக்குநர் திவால் மனு தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் இழப்பீட்டுக்கும் தண்டனைக்கும் அவரே பொறுப்பு. தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக் குழுவான தொழிலாளர் மன்றம் உள்ள ஆலையில், அதன் கருத்தைக் கேட்காமல் செய்யும் பணிநீக்கம் செல்லாது. மொழியும் சட்டமும் புதிதான ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

நான் அருகிலிருந்து பார்த்த ஓர் இடைக்கால மேலாளர், வந்த முதல் வாரத்தில் பெரிய திட்டம் எதையும் அறிவிக்கவில்லை. அடுத்த 13 வாரங்களுக்கான பண வரவு செலவை ஒரே தாளில் எழுதி, தினமும் காலையில் கணக்காளருடன் அமர்ந்து திருத்தியபடி, நிலுவை வைத்திருந்த சப்ளையர்களிடம் தாமே தொலைபேசியில் பேசினார். இரும்பு வரத்து நிற்காமல் இருந்ததற்கு அந்தப் பேச்சுதான் காரணம்.

இவர்களுக்கு நாள் கணக்கில் கட்டணம், அது அதிகம்தான். எனவே பணி வரம்பையும், எவ்வளவு தொகைவரை அவரே கையெழுத்திடலாம் என்பதையும் எழுத்தில் வரையறுங்கள். உங்கள் அதிகாரியை அவருக்குத் துணையாக அனுப்பி, நிரந்தரத் தலைவருக்கான தேடலை முதல் நாளே தொடங்குங்கள்.